எழுத்து நடந்த வழி – 19: மிச்சம் நின்ற வட்டல்கள்

1993, ஆனி மாதம். கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு சந்து, அதில் ஒரு மாடி, மாடியில் ஒரு டிடிபி கடை. அங்கே நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலர் விடிவதற்குள் பிளேட்டுக்குப் போக வேண்டும். எட்டுப் பக்கம், ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றி முத்து முத்தாக ஒரு பார்டர். முதல் பக்கம் லேசர் பிரிண்டரிலிருந்து அழகாக வந்து விழுந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்குப் பச்சை விளக்கு கொஞ்ச நேரம் துடித்தது, பிறகு நின்றுவிட்டது. தாள் வரவில்லை. எட்டு வரைக்கும் எதுவுமே வரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் எல்லாப் பக்கமும் ஒழுங்காக இருந்தது.

அந்த ராத்திரியை இந்தத் தொடரில் சொல்லாமல் விட முடியாது. தமிழ் எழுத்து ஈயத்தை விட்டு இறங்கி எங்கே போய் உட்கார்ந்தது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

சென்ற வாரம் ஈரோட்டில் நிறுத்தியிருந்தோம். 1935 ஜனவரியில் பெரியார் தம் 'குடிஅரசு' இதழிலேயே எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா, லை, னை என்று தனி வடிவம் கொண்டிருந்த 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் வரிசைக்கு வந்தன. 1978 அக்டோபரில் தமிழக அரசு அதை ஆணையாக்கியது. கம்பாசிட்டருக்கு இதனால் வந்த லாபத்தைக் கண்ணால் பார்க்கலாம்: டைப் கேஸில் அத்தனை குழி மிச்சம். ஆனால் அந்த ஆணை வந்து பதினைந்து ஆண்டுகள் முடிவதற்குள் எங்கள் கடை போன்ற இடங்களில் குழியே இல்லாமல் போயிற்று. எழுத்து ஒரு பொருளாக இருந்த காலம் முடிந்து, எழுத்து ஒரு நிரலாக மாறியிருந்தது. பலருக்கு இது தெரியாது. லேசர் பிரிண்டருக்குப் போவது பக்கத்தின் படம் என்றுதான் நினைத்திருந்தார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

போனது படம் அல்ல, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதிய நிரல். ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் 1982-இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கி, 1984-இல் அந்த மொழியை வெளியிட்டார்கள். அதன் வேர் 1976 வரை போகிறது. எவன்ஸ் அண்ட் சதர்லண்ட் நிறுவனத்தில் வார்னாக்குடன் இருந்த ஜான் காஃப்னி வடிவமைத்த மொழி ஒன்றிலிருந்து கிளைத்தது. 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் இந்த மொழியைப் படிக்கத் தெரிந்த பிரிண்டர். அதற்குள் 12 மெகாஹெர்ட்ஸ் செயலியும் ஒன்றரை மெகாபைட் நினைவகமும் இருந்தன. அதை ஓட்டிய மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரைவிட பிரிண்டர்தான் பெரிய கம்ப்யூட்டர். 'இந்த இடத்துக்குப் போ, இந்த வளைவைப் போடு, மையால் நிரப்பு' என்று நாம் அனுப்பும் கட்டளைகளை அது உள்ளே ஓட்டிப் பார்த்து, பக்கத்தைத் தானே வரைந்துகொள்ளும்.

அந்த மொழி வேலை செய்வது அடுக்கில். விருந்து முடிந்த வீட்டில் கழுவிய வட்டல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, அப்படி. கடைசியாக வைத்த வட்டலைத்தான் முதலில் எடுக்க முடியும். நடுவிலிருந்து உருவ முடியாது. மூன்று என்று சொன்னால் ஒரு வட்டல். நான்கு என்றால் அதன் மேல் இன்னொன்று. 'ஆட்' என்றால் மேலே இருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி, ஏழு என்று ஒரே வட்டலாகத் திரும்ப வைக்கும். எழுதும் வரிசை 'மூன்று நான்கு கூட்டு'. செயல் கடைசியில் வரும்.

இதைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 'மூன்றையும் நான்கையும் கூட்டு' என்றுதான் நாம் பேசுகிறோம். பெயர்ச்சொற்களை வரிசையாக நெஞ்சில் நிறுத்திக்கொண்டு போய், வினை வந்ததும் எல்லாவற்றையும் கட்டுகிறோம். போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் யான் லூகாசியேவிச் 1924 வாக்கில் அடைப்புக்குறி இல்லாமல் எழுத ஒரு முறை கண்டுபிடித்தார். அதில் செயல் முன்னால் நின்றது. அதைப் பின்னால் தள்ளி, அடுக்கோடு சேர்த்தபோது கணிப்பொறிக்கு மிகவும் தோதான முறை கிடைத்தது. 1957-இல் மியூனிக்கில் ஃபிரீட்ரிக் பௌவரும் கிளாவுஸ் சாமெல்சனும் அடுக்கு முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் ஹாம்ப்ளின் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1972-இல் வந்த எச்பி-35 என்ற சட்டைப்பைக் கால்குலேட்டர் இந்த முறையைப் பொறியாளர்களின் விரல்களுக்குப் பழக்கியது.

தமிழ் வாக்கியத்தோடு உள்ள இந்த ஒற்றுமையில்தான் தொல்லையும் இருக்கிறது. பேச்சில் ஒரு பெயரை விட்டுவிட்டால், விட்ட இடத்தில் யாருக்கும் குறை தெரியாது. வினை வந்து நிற்கும்போதுதான் 'யாரை? எதை?' என்று கேட்போம். அடுக்கு மொழியிலும் அப்படியே. இரண்டு வட்டல் வேண்டிய செயலுக்கு ஒன்றுதான் இருந்தால், 'ஸ்டாக்அண்டர்ஃப்ளோ' என்று அந்தச் செயலின் வாசலில் நிரல் விழும். ஆனால் வட்டலை வைக்க மறந்தவன் முப்பது வரிக்கு மேலே எங்கேயோ இருப்பான். மெய்ப்புத் திருத்தும்போது பிழை இருக்கும் இடத்தில்தான் கண்ணில் படும். லகரம் ளகரமாகியிருந்தால் அந்தச் சொல்லிலேயே அடிக்கலாம். அடுக்கு நிரலில் பிழை இருக்கும் இடம் ஒன்று, பிழை விழும் இடம் இன்னொன்று. இந்த இடைவெளியைக் கடப்பதுதான் இதில் பிழை தேடும் வேலை முழுவதும்.

இதில் மிகவும் பொல்லாதது விழாத பிழை. 'எக்ஸ்ச்' என்று ஒரு கட்டளை உண்டு. மேலே இருக்கும் இரண்டு வட்டல்களை இடம் மாற்றும். அதை ஒரு முறை கூடுதலாகப் போட்டுவிட்டால் நிரல் கோபித்துக்கொள்ளாது, ஏனென்றால் எண்ணுக்கு எண் சரியாக இருக்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்டில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. ஏ4 தாளின் அகலம் 595, உயரம் 842. இடமிருந்து 72, கீழிருந்து 720 என்று தலைப்பை மேலே வைக்க நினைக்கிறோம். இரண்டும் மாறிவிட்டால் இடமிருந்து 720. தாளே 595-இல் முடிந்துவிட்டது. தலைப்பு தாளுக்கு வெளியே காற்றில் அச்சாகிவிடும். எந்தப் புகாரும் இல்லாமல் தலைப்பு இல்லாத பக்கம் ஒன்று கைக்கு வரும். எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து நான் ஒரு முழு நாளை இதில் தொலைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அந்தக் காலத்து டிடிபிக்காரர்கள் எல்லாரும் பட்டது: 'லிமிட்செக்'. முதல் தலைமுறைப் பிரிண்டர்களில், கோடும் வளைவுமாகப் போகும் ஒரு தடத்துக்கு 1500 முனைப்புள்ளிக்கு மேல் இடமில்லை; மீறினால் இந்தப் பிழை விழும். கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள் பெயரை வளைவுகளாக மாற்றி, உள்ளே பூவேலை நிரப்பினால் தீர்ந்தது. நம் எழுத்து ஒவ்வொன்றிலும் எத்தனை சுழி! வளைவின் நுணுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினால் வரும்.

இனி அந்த ராத்திரிக்கு வருவோம்.

எங்கள் பிரிண்டர் பேரலல் கேபிளில் மாட்டியிருந்தது. அதில் செய்தி ஒரு பக்கம்தான் போகும். நிரல் விழுந்ததும் பிரிண்டர் காரணத்தைச் சொல்லத்தான் செய்யும், ஆனால் சொன்னதைக் கொண்டுவர அந்தக் கம்பியில் வழியில்லை. விழுந்த பிறகு வேலையின் மிச்சத்தை முழுக்கக் கொட்டிவிடும். அதனால்தான் மூன்றிலிருந்து எட்டு வரை எதுவும் வரவில்லை.

மூன்றாம் பக்கத்தில் சங்கல்பமும் நன்கொடையாளர் பட்டியலும் இருந்தன. நான் பட்டியலைச் சுருக்கினேன், எழுத்துருவை மாற்றினேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன். மணி பதினொன்று. கடையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். முப்பது வருடம் கம்பாசிட்டர். கம்ப்யூட்டர் வந்ததும் பேஜ் ஒட்டுகிற வேலைக்கு மாறியவர். நிரல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பின்னால் வந்து நின்று கேட்டார்.

"மூணாம் பக்கத்தை மட்டும் தனியா உட்டுப் பாத்தியா கண்ணு?"

விட்டேன். வந்துவிட்டது.

"வந்துருச்சுங்ணா!"

"அப்ப மூணுல கோளாறு இல்ல. எட்டையும் தலகீழா உடு பாக்கலாம்."

எட்டு வந்தது, ஏழு வந்தது, ஆறு நின்றுவிட்டது. அவர் தலையாட்டினார். "எதக் கொண்டு போயி மூணாவதா நிறுத்துனாலும் அதுதான் மாட்டுது. முன்னால போனது என்னமோ மிச்சம் வெச்சுட்டுப் போயிருக்குது சாமி."

எப்படித் தோன்றியது என்று பிறகு கேட்டேன். ஈய எழுத்துக் காலத்தில் அச்சடித்து முடித்த பக்கத்தைப் பிரித்து, எழுத்தை எல்லாம் அதனதன் குழியில் திரும்பப் போட வேண்டும். அவசரத்தில் ஒருவன் னகரத்தை ணகரக் குழியில் போட்டுவிட்டால் அன்றைக்கு எதுவும் ஆகாது. நாளைக்கு வேறொருவன் வேறொரு வேலைக்குக் கண்ணை எடுக்காமல் ணகரம் என்று எடுத்துக் கோப்பான். புரூஃபில் அவன் பெயரில் பிழை விழும். "அடுத்தவன் பிரிச்சுப் போட்டதுக்கு நாம திட்டு வாங்கியிருக்கறம். அதனால தப்பு உழுந்தா மொதல்ல முந்துன வேலையத்தான் பாப்பம்" என்றார். கணிப்பொறி நூல்களில் இதைப் பல அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள். அதை ஈயத்தில் கற்றவர் ஒருவர் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தார்.

அவர் கைகாட்டிய திசையில் தேடுவது எளிதாக இருந்தது. பிழைகளைப் பிடித்துத் தாளிலேயே அச்சிடும் ஒரு சிறு நிரலை அடோபி கொடுத்திருந்தது. கடையில் ஒரு பிளாப்பியில் கிடந்தது. அதை முதலில் அனுப்பிவிட்டு மலரை அனுப்பினோம். மூன்றாவது தாள் இந்த முறை வெளியே வந்தது. அதில் பக்கம் இல்லை, பிழையின் பெயர் இருந்தது: 'ஸ்டாக்ஓவர்ஃப்ளோ'. விழுந்த கட்டளை 'டூப்'. அடுக்கு நிரம்பி வழிந்திருக்கிறது. அன்றைய போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர்களில் அடுக்கின் உயரம் 500. மொழியின் சிவப்பு அட்டைக் கையேட்டில் கடைசியில் அந்த எண் அச்சாகியிருக்கும்.

500 வட்டல் எப்படிச் சேர்ந்தது? அடுக்கில் இப்போது எத்தனை இருக்கிறது என்று சொல்ல 'கவுண்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு பக்கமும் முடியும் இடத்தில் அந்த எண்ணைத் தாளின் மூலையில் அச்சிடும்படி ஒரு வரி சேர்த்தேன். பக்கம் முடிந்தால் அடுக்கு காலியாக இருக்க வேண்டும், அதாவது சைபர். முதல் தாளின் மூலையில் 210 என்று வந்தது. இரண்டாவதில் 420.

210 என்பது பார்டரில் இருந்த முத்துகளின் எண்ணிக்கை.

அந்தப் பார்டர் நிரலை எழுதியவன் நான்தான். நீல அட்டைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு முத்தை வரைவதற்கு நாலு வரி எழுதியிருந்தேன். முத்தின் இடத்தை இரண்டு தரம் பயன்படுத்த வேண்டியிருந்ததால் 'டூப்' போட்டு ஒரு நகல் எடுத்தேன். வேலை முடிந்ததும் அந்த நகலை எடுத்து எறியவில்லை. ஒரு முத்துக்கு ஒரு வட்டல் மிச்சம். இரண்டு பக்கத்துக்கு 420. மூன்றாம் பக்கத்தில் எண்பதாவது முத்தை நெருங்கும்போது 500 நிரம்பும். அதனால்தான் தனியாக அனுப்பிய மூன்றாம் பக்கம் வந்தது, எட்டில் தொடங்கியபோது ஆறு நின்றது. நாலாவது வரியின் கடைசியில் 'பாப்' என்று ஒரு சொல் சேர்த்தேன். மேல் வட்டலை எடுத்துப் போட்டுவிடும் கட்டளை அது. மூலையில் சைபர் வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எட்டுப் பக்கமும் பட்டர் பேப்பரில் இறங்கின.

அந்த 500 என்ற வரம்பை அன்றைக்குச் சபித்தேன். இப்போது யோசித்தால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. 1990-களின் தொடக்கத்தில் வந்த இரண்டாம் நிலை போஸ்ட்ஸ்கிரிப்டில் இந்த வரம்புகளை நினைவகத்தின் அளவுக்குத் தளர்த்திவிட்டார்கள். அது இருந்திருந்தால் மலர் அன்று தடையில்லாமல் அச்சாகியிருக்கும். என் பார்டர் நிரல் அந்த மிச்சத்தோடேயே இன்னும் பத்து வேலைக்குப் போயிருக்கும். ஒருநாள் ஐம்பது பக்கப் புத்தகம் ஒன்றில், யாரும் முத்தைச் சந்தேகிக்காத இடத்தில் விழுந்திருக்கும். பிழை சீக்கிரம் விழுவது நல்லது என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அடுக்கு மொழிகளில் மூத்த பிள்ளை ஒன்று உண்டு: ஃபோர்த். அது பிறந்த இடம் பவானிக்காரர்களுக்குப் பிடிக்கும். சார்லஸ் மூர் 1968-இல் நியூயார்க் மாநிலத்தில் மொஹாஸ்கோ என்ற கம்பளத் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தபோதுதான் அந்த மொழிக்குப் பெயர் வைத்தார். நான்காம் தலைமுறை என்ற பொருளில் 'ஃபோர்த்' என்று நினைத்தார். அங்கிருந்த ஐபிஎம் 1130 ஐந்து எழுத்துக்கு மேல் பெயர் ஏற்காததால், ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து உதிர்ந்து இன்றைய வடிவம் வந்தது. பிறகு அமெரிக்கத் தேசிய வானொலி வானியல் ஆய்வகத்துக்குப் போய், கிட் பீக் மலையின் தொலைநோக்கியை இந்த மொழியில் ஓட்டினார். எலிசபெத் ராதர் அங்கே அதைக் கற்ற இரண்டாவது ஆள். 1973-இல் இருவரும் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்கள்.

ஃபோர்த்காரர்கள் பிழையைத் தேடுவதைவிட, பிழை நடந்து போகும் தூரத்தைச் சுருக்குவதில் கருத்தாக இருந்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மூன்று வரியில் முடிப்பார்கள். சொல்லின் தலையில், உள்ளே வரும் வட்டல் எத்தனை, வெளியே போகும் வட்டல் எத்தனை என்று குறிப்பு எழுதுவார்கள். எழுதிய கையோடு அதைத் தனியாக ஓட்டி, அடுக்கைத் திரையில் காட்டும் '.எஸ்' கட்டளையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார்கள். பவானி ஜமக்காளத் தறியில் பாவு இழை ஒன்று மாறிக் கோத்திருந்தால், துணியின் முழு நீளத்துக்கும் ஒரு கோடு விழும். நெசவாளி துணியைத் தடவிக்கொண்டிருக்க மாட்டார். தறிக்குப் பின்னால் போய், இழை கோத்த இடத்தைப் பார்ப்பார். முதல் சாணிலேயே பார்த்துவிட்டால் அவிழ்ப்பதும் கொஞ்சம்தான். என் முத்து நிரலுக்கு மேலே 'உள்ளே இரண்டு, வெளியே சைபர்' என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால் அந்த ராத்திரியே வந்திருக்காது.

பக்கத்துக்கு மட்டுமல்ல, எழுத்துருவுக்கும் இதே கதைதான். டைப் 1 எழுத்துருவில் 'அ' என்பது ஒரு சிறு அடுக்கு நிரல். அதன் அடுக்கின் உயரம் வெறும் 24. அதை வடிவமைத்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள்: கோடு, வளைவு என்று எந்தத் தடக் கட்டளை முடிந்தாலும் அடுக்கு துடைக்கப்பட்டுவிடும். ஒரு வளைவில் எண் கூடினாலும் குறைந்தாலும் கோணல் அந்த வளைவோடு சரி, அடுத்த வளைவுக்குப் போகாது. ஆனால் அந்த நிரல்களை வெகுகாலம் யாரும் திறந்து பார்க்க முடியவில்லை. மறையாக்கம் செய்து பூட்டியிருந்தது அடோபி. 1989-இல் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ட்ரூடைப்பை அறிவித்த பிறகுதான், 1990-இல் டைப் 1-இன் உள்விவரம் புத்தகமாக வெளியானது. தமிழ் எழுத்துரு செய்தவர்களுக்கு அது பெரிய கதவு. ட்ரூடைப்பிலும், சிறிய அளவில் எழுத்தைச் சீராக்கும் கட்டளைகள் அடுக்கில்தான் ஓடுகின்றன. இன்று உங்கள் கையில் இருக்கும் செல்போனில் தமிழ் தெரிகிறதே, அந்த எழுத்துருக்களிலும் வளைவுகள் இந்த இரண்டு மரபில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நாங்கள் முத்துகளை எண்ணிக்கொண்டிருந்த அதே 1993 ஜூனில் அடோபி இன்னொன்றை வெளியிட்டது: பிடிஎஃப். அதிலும் எண்கள் முன்னால், கட்டளை பின்னால். வரிசை மாறவில்லை. ஆனால் சுற்றுக் கட்டளை இல்லை, நகல் எடுக்கும் 'டூப்' இல்லை, சொந்தமாகச் சொல் உருவாக்கவும் வழியில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் எண்கள் அதற்கு முன்னாலேயே நிற்க வேண்டும், மிச்சம் வைக்க இடமில்லை. பத்து ஆண்டுகளில் கோவை அச்சகங்கள் எல்லாம் பிடிஎஃப் வாங்கத் தொடங்கிவிட்டன. 2023 ஜனவரியில் அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 எழுத்துருக்களுக்கு ஆதரவை நிறுத்தியது. அன்றைய மலரின் கோப்பு ஒரு குறுவட்டில் என்னிடம் இருக்கிறது. அதன் தமிழ் எழுத்துருவை இன்றைய அடோபி மென்பொருள் திறப்பதில்லை. கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் நாலு வரி நிரல் தெரிகிறது, கடைசியில் அந்த 'பாப்'.

அடுத்த வாரம் அவினாசி சாலையில் கொடிசியா வளாகத்துக்குப் போவோம். 2010 ஜூன் 23 முதல் 27 வரை அங்கே நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழ் எழுத்துக்கு எந்தக் குறியாக்கம் என்ற பழைய வழக்குக்கு அரசு ஓர் ஆணை போட்டது. யூனிகோடும் டேஸ்16-உம் அதில் எப்படி ஒன்றாக இடம் பிடித்தன என்று பார்ப்போம்.